நவம்பர் 62: பழைய ஜாஸ் பேஸ் ஒன்றுக்கு நகல் செய்து வாங்கிய அனுபவம்

இந்த பேஸ் கிட்டார் என் கைக்கு வந்து ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகிறது. வந்த வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து மட்டும்தான் எழுதியிருப்பேன். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், நாற்பது கச்சேரிக்கு மேல் வாசித்தாகிவிட்டது. இப்போது நல்லது கெட்டது இரண்டும் தெரியும்.

செய்தவர் பெங்களூருக்கு வெளியே, ஓசூர் போகும் சாலைப் பக்கம் ஒரு சின்ன பட்டறையில் தனி ஆளாக வேலை செய்கிறார். வருடத்துக்கு ஏழெட்டு கருவிகள்தான் முடியும். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இருக்கிற ஆர்டரே அடுத்த வருடம் வரை நிற்கிறதாம். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் தம்பி என்பேன். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

நான் கேட்டது அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி 1962-இல் செய்த ஜாஸ் பேஸ் என்ற மாடலின் நகல். எந்த 62 என்று கேட்டால் என்னிடம் குறிப்பான பதில் இருந்தது: நாங்கள் மாஸ்டர் என்று அழைக்கும் மூத்த பேஸ் வாத்தியக்காரரின் கிட்டார்.

1998-இல் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் மாற்று ஆளாக வாசிக்க ஆரம்பித்தேன். அப்போது எனக்கு 21 வயது. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது என் கிட்டாரின் ஜாக் உள்ளே கழன்று சத்தம் நின்றுவிட்டது. மாஸ்டர் அன்று கேட்பதற்காக வந்திருந்தார், வேறொரு ரிக்கார்டிங்கிலிருந்து நேராக, கையில் கிட்டாரோடு. பெட்டியைத் திறந்து தன்னுடையதை எடுத்து நீட்டினார். மீதி இருந்தது ஐந்து பாட்டு, அரை மணி நேரம். முதல் ஃபிரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பக்கம் கை போனதும் எனக்குப் பட்டது இன்னும் நினைவிருக்கிறது: நெக், அதாவது இடது கை பிடிக்கும் நீளமான கழுத்து, கைக்குள் அடங்கிவிட்டது. அதுவரை நான் வாசித்த கிட்டார்களில் கட்டைவிரல் பின்னால் எங்கேயாவது முட்டுக்கொடுத்து நிற்க வேண்டியிருக்கும். இதில் விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. அப்புறம் எத்தனையோ கிட்டார்கள் மாற்றினேன், அந்த நெக் திரும்பக் கிடைக்கவில்லை.

அதற்குக் காரணம் அளவில் இருக்கிறது. கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸில் நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்டிரிங்குகள் தாண்டும் சின்னப் பட்டை) அகலம் ஒன்றே முக்கால் அங்குலம். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தபோது அதை ஒன்றரை அங்குலமாகக் குறைத்தார்கள். கால் அங்குலம்தானே என்று தோன்றும். நாள் முழுவதும் கீழ்ப் பொசிஷனில் வாசிக்கிறவர்களைக் கேட்டால் தெரியும், அந்தக் கால் அங்குலத்தில் மணிக்கட்டு வலியே அடங்கியிருக்கிறது. மேலே போகப் போக நெக் அகலமாகும், அதனால் பாடி பக்கம் விரலுக்கு இடம் குறையாது.

கடையில் வாங்கலாமே என்று வீட்டிலும் கேட்டார்கள். ஃபெண்டர் நிறுவனமே 2022-இல் அமெரிக்கன் வின்டேஜ் 2 என்ற வரிசையில் 1966 ஜாஸ் பேஸைத் திரும்பக் கொண்டுவந்தது. நண்பர் ஒருவரிடம் இருப்பதை ஒரு மாலை முழுவதும் வாசித்துப் பார்த்தேன். அருமையான கிட்டார், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் தேடிய நெக் மட்டும் அதில் இல்லை. அசலையே வாங்குவது நம்மால் ஆகாது. 1965-இல் ஃபெண்டர் கம்பெனி சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போவதற்கு முன்னால் செய்த கிட்டார்களுக்குச் சேகரிப்பவர்கள் கொடுக்கிற விலையில் இங்கே நல்ல காரே வாங்கிவிடலாம்.

தம்பியிடம் முதலில் போனில் பேசியபோது, "மாஸ்டர் கிட்டாரு இப்ப எங்க இருக்குண்ணா?" என்றுதான் கேட்டார். ஸ்ரீரங்கத்தில், மாஸ்டர் வீட்டிலேயே என்றேன். "அப்ப ஒரு நாள் போயிட்டு வந்துரலாம். இன்டர்நெட்ல இருக்கற அளவ வச்சு செஞ்சா எல்லாருக்கும் கிடைக்கறதுதான் உங்களுக்கும் கிடைக்கும்" என்றார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். மாஸ்டருக்கு இப்போது 76 வயது, வாசிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. சாப்பாட்டு மேசைமேல் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் கிட்டாரைக் கிடத்தினார்கள். தம்பி பையிலிருந்து வெர்னியர் காலிப்பர், டிரேசிங் பேப்பர், மல்டிமீட்டர், எடை பார்க்கும் கொக்கித் தராசு, அப்புறம் சீப்பு மாதிரி பற்கள் அடுக்கிய ஓர் அளவுகோல் எல்லாம் எடுத்து வைத்தார். அந்தச் சீப்பை நெக்கின் முதுகில் அழுத்தினால் பற்கள் உள்ளே போய் வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும். அதைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்தார். முதல் ஃபிரெட், மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று ஆறு இடத்தில். நெக்கின் கனம் முதல் ஃபிரெட்டில் 21 மி.மீ., பன்னிரண்டாவதில் 24-க்குக் கொஞ்சம் மேல். வளைவு சமமாக இல்லை. ஜி ஸ்டிரிங் பக்கத்துத் தோள் கொஞ்சம் தேய்ந்து தணிந்திருந்தது. அறுபது வருடம் பல பேர் உள்ளங்கை தேய்த்ததில் வந்தது. "இதையும் சேத்து எடுத்துக்கறேன்" என்றார் தம்பி.

கடைசியாக நெக்கைக் கழற்றலாமா என்று கேட்டார். மாஸ்டர் முகம் மாறிவிட்டது. "கழட்டினா திரும்ப அதே மாதிரி சேருமா?"

"சேரும் சார். நாலே ஸ்க்ரூதான். நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

ஒரு வெள்ளைத் தாளில் சதுரம் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த மூலையில் வைத்தார். நெக் மெல்ல விட்டு வந்தது. அடிப்பக்கம், பாடிக்குள் பொருந்தும் கட்டையில், மையில் குத்திய ஒரு முத்திரை. முதலில் 7, அடுத்து நவம்பர் என்பதன் சுருக்கம், அப்புறம் 62, கடைசியில் ஆங்கில எழுத்து 'ஏ'. 62 மார்ச் வாக்கில் ஃபெண்டரில் இப்படி முத்திரை குத்த ஆரம்பித்தார்கள். 7 என்பது தேதி கிடையாது, ஜாஸ் பேஸ் நெக்குக்கான எண். 'ஏ' என்றால் நட் ஒன்றரை அங்குலம்.

மாஸ்டர் 1974-இல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல் வாத்தியக்காரரிடம் அதை வாங்கியவர். 65 மாடல் என்று சொல்லித்தான் விற்றார்களாம், அவரும் எல்லோரிடமும் அதையே சொல்லிவந்தார். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, குனிந்து, இரண்டு தடவை படித்தார். "என் கல்யாணத்துக்குப் பத்து வருஷம் முன்னாடி பொறந்திருக்கு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மாமி காபியோடு வந்து அவரும் குனிந்து பார்த்தார். அசல் கண் முன்னால் இருந்ததால்தான் இதெல்லாம் கிடைத்தது. உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது பழைய கிட்டார் இருந்தால் ஆர்டர் கொடுக்கும் முன் அளவெடுக்க ஒரு நாள் கேட்டுப்பாருங்கள்.

இனி நகலைப் பற்றி.

பாடி ஆல்டர், இறக்குமதி செய்த கட்டை, இரண்டு துண்டு ஒட்டியது. நெக் மேப்பிள். விரல் அழுத்தும் பலகையான ஃபிரெட்போர்டுதான் விவகாரமான பகுதி. 62 நடுவாக்கில் வரைக்கும் ஃபெண்டரில் தட்டையான ரோஸ்வுட் பலகையை மேப்பிள்மேல் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு மேப்பிளின் மேற்பரப்பையே வளைவாக இழைத்து, அதே வளைவில் மெல்லிய ரோஸ்வுட்டை ஒட்டும் முறைக்கு மாறினார்கள். நவம்பர் கிட்டார் இரண்டாவது வகை. மேல் வளைவு, அடி வளைவு இரண்டும் ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். தம்பி முதலில் செய்த நெக்கில் மூன்றாவது ஃபிரெட் பக்கம் ஒட்டில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார், இதைத் தர மாட்டேன் என்றும் எழுதியிருந்தார். புதிதாக ஆரம்பித்ததில் இரண்டு மாதம் தள்ளிப்போனது. சொல்லாமல் பசை அடைத்துக் கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

அசலில் இருப்பது பிரேசில் ரோஸ்வுட். 1992-இலிருந்து அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, வாங்கவும் முடியாது, வாங்குவது சரியும் ஆகாது. நம் நகலில் ஈட்டி மரம். கிட்டார் உலகம் முழுக்க இந்தியன் ரோஸ்வுட் என்று கொண்டாடுகிற மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இதே ஈட்டிதான், தோதகத்தி என்றும் சொல்வோம். தம்பி புது மரம் வாங்குவதில்லை. பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு கட்டில் சட்டத்திலிருந்து அறுத்தார். ஃபிரெட்போர்டுக்கு அறுபது சென்டிமீட்டர் நீளம் போதும், சட்டத்தில் மூன்று கிட்டாருக்கு வந்தது. பல பத்து வருடம் ஏதோ ஒரு வீட்டில் காய்ந்த மரம், இனிமேல் வளைய அதற்குக் காரணம் இல்லை. ஊதா கலந்த அடர்பழுப்பு, எண்ணெய் தேய்த்தால் இன்னும் கறுக்கிறது.

ஸ்டிரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளான பிக்கப் இரண்டையும் அவரே சுற்றினார். அல்நிக்கோ 5 காந்தம், 42 கேஜ் ஃபார்ம்வார் கம்பி. மாஸ்டர் கிட்டாரில் மல்டிமீட்டர் காட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை சுற்றுகளைக் கூட்டிக் குறைத்தார், ஏழரை கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே. அதைவிட முக்கியம் பிக்கப் உட்காரும் இடம். அறுபதுகளின் ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புக்கும் நடுவே 3.6 அங்குலம். எழுபதுகளில் பின்பக்கத்ததை, ஸ்டிரிங்குகள் பாடியில் முடியும் பிரிட்ஜை நோக்கித் தள்ளி 4 அங்குலமாக்கினார்கள். அதில் சத்தம் கூர்மையாக வரும், விரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் பாணிக்குப் பிரமாதம். எனக்கு வேண்டியது பழைய இடம். பாட்டின் அடியில் உருண்டு நிற்கிற சத்தம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு விஷயத்தில் தம்பி பிடிவாதமாக இருந்தார். முதலாவது, நெக்கின் தலையான ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் பெயரை ஒட்ட மாட்டேன் என்றார். நான் கேட்கவும் இல்லை. நாளைக்கு என் பிள்ளை விற்றாலும் வாங்குகிறவர் ஏமாறக் கூடாது. முன்பக்கம் வெறும் மரம், பின்னால் பொட்டு அளவில் அவருடைய முத்திரையும் வருடமும் மட்டும். இரண்டாவது, பாடியில் செயற்கையாக அடிபட்ட தழும்பு போடுவது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, சாவிக்கொத்தால் கீறிப் பழசாகக் காட்டுவதற்கு இன்று உலகம் முழுக்கத் தேவை இருக்கிறது. "நெக்குல மாஸ்டர் கை தேஞ்சது கைக்குத் தெரியும், அத செய்யறேன். பாடியில வர்ற கீறல் உங்களோடதா இருக்கட்டும்ணா" என்றார். ஆரம்பத்தில் எனக்கு ஏமாற்றம்தான். இன்று பாடியில் இருக்கும் மூன்று தழும்புகளும் எந்தெந்த மண்டபத்தில் விழுந்தவை என்று என்னால் சொல்ல முடியும்.

பூச்சு நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர், கறுப்பு, சிவப்பு, மஞ்சள் மூன்றும் கலந்த சன்பர்ஸ்ட். ஈரக்காற்றில் அடித்தால் லாக்கர் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும் என்பதால் மழை விடும்வரை காத்திருந்தார். ஐந்து மாதம் என்று ஆரம்பித்தது எட்டு மாதமாக முடிந்ததற்கு இது இன்னொரு காரணம். வாரம் தவறாமல் போட்டோவும் நிலவரமும் வந்துகொண்டிருந்ததால் தாமதம் என்னை உறுத்தவில்லை.

கிட்டாரை வாங்க நேரில் போனேன். பட்டறையில் ஒரு பழைய ஆம்ப் இருந்தது. தம்பி வெளியே போய் நின்றுகொண்டார், என்னைத் தனியாக விட்டு. வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் ஸ்டிரிங் போட்டிருந்தார், அந்தக் காலத்து முறைப்படி. இடது கையை முதல் பொசிஷனில் வைத்தேன். ஜி ஸ்டிரிங் பக்கத்துத் தோள் தணிவாக, மாஸ்டருடையது போலவே. கீழே எஃப், அங்கிருந்து சி, மேலே எஃப் என்று மெதுவாக ஏறி இறங்கினேன். வாசிப்பதைவிடத் தடவிக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். தாம்பரம் மண்டபத்தின் மின்விசிறிச் சத்தம்கூட நினைவுக்கு வந்தது.

மேடையில் என்ன வித்தியாசம் என்றால், எங்கள் சவுண்டுக்காரர் மூன்றாவது கச்சேரியில் கேட்ட கேள்வியையே சொல்லலாம்: "பாட்டரி புதுசா போட்டீங்களா சார்? பேஸ் தனியா கேக்குது." முன்பு வைத்திருந்தது ஒன்பது வோல்ட் பாட்டரியில் ஓடும் ஆக்டிவ் கிட்டார். இதில் பாட்டரியே கிடையாது. இரண்டு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். தபலாவும் டிரம்ஸும் சேர்ந்து வரும் பாட்டுகளில் முன்பெல்லாம் கீழ்ஸ்தாயி ஒரே குழம்பாகப் போகும். இப்போது ஒவ்வொரு சுரமும் எங்கே ஆரம்பித்தது, எங்கே நின்றது என்று எனக்கே மேடையில் கேட்கிறது. இளையராஜா பாட்டுகளின் பேஸ் வரிகளை வாசிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். அவை பாடகருக்குப் பக்கத்தில் நடக்கிற இன்னொரு மெட்டு, ஒரு சுரம் கேட்காவிட்டாலும் வரி உடைந்துபோகும்.

குறைகளுக்கு வருகிறேன்.

நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடைத் திருகும் இடம் பழைய முறைப்படி நெக்கின் அடியில், பாடிக்குள் இருக்கிறது. ஹெட்ஸ்டாக் பக்கம் வைத்துவிடலாம், சென்னைக் காற்றுக்கு அதுதான் வசதி என்று தம்பி இரண்டு முறை சொன்னார். அசல் மாதிரியே வேண்டும் என்று நான்தான் நின்றேன். நவம்பர் மழையில் நெக் முன்னோக்கி வளைந்து ஸ்டிரிங் உயர்ந்துவிட்டது. சரிசெய்ய ஸ்டிரிங்கைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றி, கால் சுற்றுத் திருகி, திரும்பப் பூட்டி, டியூன் செய்து பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. ஒரு மாலை முழுதும் போய்விடும். வருடத்துக்கு இரண்டு தடவை இது இருக்கிறது. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இந்த ஒரு இடத்தில் அசலை விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து வைத்தால் இரைச்சல் வரும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, அதனால் இரண்டு வால்யூமும் முழுசாக இருக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் இருக்கிற மண்டபத்தில் பின்பக்கப் பிக்கப்பை மட்டும் வைத்து வாசிக்கவே முடியாது. இது ஜாஸ் பேஸின் பிறவிக் குணம், செய்தவர் மேல் தப்பில்லை.

அதேபோல ஜி ஸ்டிரிங்கில் ஐந்தாவது ஃபிரெட். அங்கே அழுத்தினால் சி சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. இந்த வகை நெக்குகளில் அந்தப் பக்கம் எங்கேயாவது ஒரு சுரம் இப்படிச் செத்திருக்கும். மாஸ்டர் கிட்டாரில் அது ஆறாவது ஃபிரெட். நீண்ட சி வேண்டிய இடத்தில் டி ஸ்டிரிங்கின் பத்தாவது ஃபிரெட்டுக்குப் போகப் பழகிவிட்டேன்.

லாக்கர் பற்றி ஒரு எச்சரிக்கை. கிட்டார் ஸ்டாண்டில் இருக்கும் ரப்பர் நைட்ரோ பூச்சை இளக்கிவிடும். தம்பி சொல்லியிருந்தார், எழுதியும் கொடுத்திருந்தார். மே மாதம் ஒரு ரிகர்சலில் இரண்டு நாள் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டேன். பாடியின் அடியில் ரப்பர் பட்ட இடம் மங்கலாக, தொட்டால் ஒட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஸ்டாண்டைச் சுற்றிப் பருத்தித் துணி கட்டியிருக்கிறேன்.

ஸ்டிரிங்கை முறுக்கும் டியூனர்கள், எதிர்ப்பக்கம் திரும்பும் பழைய க்ளூசன் வகையின் நகல். கை பழக இரண்டு வாரம் ஆகும், அப்புறம் நினைப்பே வராது. எடை 3.9 கிலோ, அசல் 4.1. மூன்று மணி நேரம் நின்று வாசித்தால் அந்த 200 கிராம் தோளுக்கு நன்றாகத் தெரிகிறது.

செலவு 1,38,000 ரூபாய், பெட்டி தனியாக 9,000. ஸ்ரீரங்கம் போய்வந்த ரயில் செலவை மட்டும் நான் ஏற்றேன், அளவெடுத்ததற்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை. ஆர்டர் கொடுக்கும்போது பாதி, பூச்சுக்கு முன்னால் கால், வாங்கும்போது கால். பூச்சுக்கு முன்னால் வெறும் மரமாக இருக்கும்போதே நேரில் வந்து நெக்கைப் பிடித்துப் பார்க்கச் சொல்வார். தவறாமல் போங்கள். நான் போனபோது ஒன்பதாவது ஃபிரெட் பக்கம் கொஞ்சம் தடிப்பாகப் பட்டது, சொன்னேன். சீப்பு அளவையும் ஸ்ரீரங்கத்தில் வரைந்த தாளையும் எடுத்து வைத்துப் பார்த்தார். அரை மி.மீ. கூடத்தான் இருந்தது. அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உப்புத்தாளால் பத்து தடவை இழுப்பார், என்னிடம் நீட்டுவார், திரும்ப வாங்கி இழுப்பார். சரி என்று நான் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது.